டெட்ராய்ட்டின் பின்வாசல்

1960 ஜூன் மாதம், பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத் தடம். வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்ட ஒரு கார்வெட் கார், பந்தய நடுவில் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்து நிற்கிறது. எஞ்சின் கொதிக்கிறது. குளிர்விக்கும் நீர் ஒழுகிப்போய்விட்டது. ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுற்றுகள் ஓடி முடிக்காமல் மறுபடி நீர் ஊற்றக் கூடாது என்பது அந்தப் பந்தயத்தின் விதி. விதியில் தடுத்திருந்தது தண்ணீர் ஊற்றுவதை. எஞ்சினைச் சுற்றி ஐஸ் வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து, கைக்குக் கிடைத்த ஐஸ் கட்டிகளையெல்லாம் எஞ்சினைச் சுற்றித் திணித்து, மூடி அனுப்பினார்கள். கார் மெதுவாகச் சில சுற்றுகள் போகும், திரும்பி வரும், மறுபடி ஐஸ். ஜான் ஃபிட்சும் பாப் கிராஸ்மனும் ஓட்டிய அந்தக் கார் கடைசியில் மொத்த வரிசையில் 8-வதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் பந்தயத்தை முடித்தது.

கார்வெட்டைச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவு. ஆனால் அந்த வெற்றியில் ஜெனரல் மோட்டார்ஸின் பெயர் இல்லை. கார்களைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற தனிமனிதர். அப்போது உலகத்திலேயே பெரிய கார் கம்பெனி, தன் சொந்தக் காரின் வெற்றிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தது.

அமெரிக்கக் கார் கம்பெனிகளின் உலகப் பந்தயக் கதையைப் பலரும் குதிரைத்திறனின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய எஞ்சினும் பணமும் அவர்களிடம் எந்தக் காலத்திலும் இருந்தன. இல்லாமல் போனது, எடுத்த முடிவில் பத்து வருஷம் நிற்கும் மனசு. அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் முன்வாசல் பந்தயத்துக்குத் திறந்திருந்த காலத்தைவிட, அடைத்துவிட்டுப் பின்வாசல் வழியே சாமான் கொடுத்த காலம்தான் அதிகம். அந்தப் பின்வாசலில் வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் இந்த வரலாற்றைத் தூக்கிச் சுமந்தார்கள்.

ஆரம்பம் அவ்வளவு மோசமில்லை. 1921-ல் இதே லெ மான்ஸ் ஊரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயை ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டூசன்பர்க் வென்றது. அந்தக் காரின் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. மற்றவர்களிடம் அது இல்லை. 1928-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு ஸ்டட்ஸ் கார் கடைசி வரை பென்ட்லியை விரட்டிப் போய், டாப் கியர் கைவிட்டதால் இரண்டாவதாக வந்தது; அதற்கு அடுத்த இரு இடங்களிலும் கிரைஸ்லர்கள். அப்புறம் பொருளாதார வீழ்ச்சி, போர். டூசன்பர்க்கும் ஸ்டட்ஸும் 1930-களிலேயே மறைந்துவிட்டன. பிரேக், கியர்பாக்ஸ் இரண்டையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

போருக்குப் பிறகு கதவைத் தட்டியவர் கன்னிங்ஹாம். வசதியான குடும்பம், கடலில் பாய்மரப் படகு, தரையில் கார். (1958-ல் அமெரிக்கா கோப்பையை வென்ற படகின் தலைவரும் அவர்தான்.) 1950-ல் லெ மான்ஸுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் கார்கள் இரண்டைக் கொண்டுபோனார். ஒன்று கிட்டத்தட்ட கடையில் வாங்கிய கார். இன்னொன்றின் உடம்பைக் கழற்றிவிட்டு, விமானப் பொறியாளர்களின் யோசனையோடு பெட்டி மாதிரி ஒரு மேல்கூட்டைப் பொருத்தியிருந்தார்கள். பிரெஞ்சு ரசிகர்கள் அதைப் பார்த்ததும் ‘லெ மான்ஸ்ட்ர்’, அதாவது ராட்சசன் என்று பேர் வைத்தார்கள். பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில் கன்னிங்ஹாம் அதை மணலில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு, மணலைத் தோண்டி வெளியே எடுத்து ஓட்டினார். சாதாரணக் கேடிலாக் 10-வது, ராட்சசன் 11-வது. முதல்முறை வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து அவர் சொந்தக் கார்களையே கட்டினார். எஞ்சின் மட்டும் கிரைஸ்லரின் ஹெமி வி8, எட்டு சிலிண்டர் எஞ்சின். 1952-ல் நாலாவது இடம். 24 மணி நேரத்தில் சுமார் 20 மணி நேரம் அவரே ஸ்டியரிங்கில் இருந்தார். 1953-ல் அவருடைய சி-5 ஆர் நேர்த்தடத்தில் மற்றவர்களைவிட வேகமாகப் போனது. ஆனால் வென்றது ஜாகுவார். காரணம், ஜாகுவாரில் டிஸ்க் பிரேக், கன்னிங்ஹாம் காரில் பழைய டிரம் பிரேக். லெ மான்ஸின் முல்சான் நேர்த்தடம் சுமார் 6 கிலோமீட்டர். அதன் முடிவில் ஒரு கூர்மையான திருப்பம். டிஸ்க் பிரேக் உள்ளவர் திருப்பத்துக்குப் பக்கம் வரை போய் மிதிக்கலாம். டிரம் பிரேக் உள்ளவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு சுற்றில் சில விநாடிதான் வித்தியாசம். 24 மணி நேரத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். இரண்டு ஜாகுவார்களுக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தது அமெரிக்கக் கார்.

1955-க்குப் பிறகு கன்னிங்ஹாம் கார் கட்டுவதை நிறுத்தினார். அமெரிக்க வரித் துறையின் விதிப்படி, ஐந்து வருஷம் லாபம் காட்டாத தொழிலைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொழுதுபோக்காகக் கணக்கு வைப்பார்கள். ஒரு நாட்டின் பந்தய மானத்தை ஒரு தனிமனிதரின் வருமான வரிக் கணக்கு தாங்கி நின்றது என்றால் பெரிய கம்பெனிகள் எங்கே இருந்தன என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

அதே 1955-ல்தான் லெ மான்ஸில் அந்தப் பெரிய விபத்து. பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காரை அடுத்து ஓட்டக் காத்திருந்தவர் யார் தெரியுமா? நாம் தொடக்கத்தில் ஐஸ் வைத்த கார்வெட்டில் பார்த்த அதே ஜான் ஃபிட்ச். பிற்காலத்தில் நெடுஞ்சாலைத் தூண்களுக்கு முன்னால் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்து, மோதும் காரின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை உருவாக்கியவர் அவர். அமெரிக்கச் சாலைகளில் அதற்கு அவர் பெயர்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு பந்தயத்தின் மீது எல்லா நாட்டிலும் கோபம் இருந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் பந்தயங்களிலும் விபத்துகள் நடந்தன. அரசியல் நெருக்கடி கூடியது. 1957 ஜூனில் அமெரிக்க வாகன உற்பத்தியாளர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: உறுப்பினர் கம்பெனிகள் பந்தயத்தில் ஈடுபடுவதில்லை, வேகத்தைக் காட்டி விளம்பரம் செய்வதில்லை. யோசனையைக் கொண்டுவந்தது ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையே. இது சட்டம் கிடையாது, தங்களுக்குள் செய்துகொண்ட சத்தியம். அப்படிப்பட்ட சத்தியம் எவ்வளவு நாள் நிற்கும் என்பது நமக்கும் தெரியும்.

இந்தத் தீர்மானத்தால் அடிபட்டவர் சோரா ஆர்கஸ்-டன்டோவ். பிரசெல்ஸில் ரஷ்யக் குடும்பத்தில் பிறந்தவர், செவர்லேயின் பொறியாளர். கார்வெட்டை ஒரு அழகு பொம்மையிலிருந்து உண்மையான ஸ்போர்ட்ஸ் காராக்கியவர். 1954, 1955 இரண்டு வருஷமும் லெ மான்ஸில் போர்ஷே ஓட்டித் தன் பிரிவில் வென்றவர்; அதாவது, எதிரியின் காரில் உட்கார்ந்து பாடம் படித்துவிட்டு வந்தவர். அவர் கட்டிய கார்வெட் எஸ்எஸ் 1957 மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் இறங்கி 23 சுற்றுகளில் நின்றது. கோளாறுகளைச் சரிசெய்து லெ மான்ஸுக்குப் போவதுதான் திட்டம். மூன்று மாதத்தில் தடை வந்தது. கார் காட்சிப் பொருளானது. அதன் சோதனைக் காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வடிவமைப்புத் துறைத் தலைவர் பில் மிச்செல் வாங்கி, புது உடம்பு பூட்டி, கார்வெட் என்ற பெயரே இல்லாமல் சொந்தச் செலவில் பந்தயத்தில் ஓட விட்டார். அந்த உடம்பின் சாயல்தான் 1963-ல் கடைக்கு வந்த கார்வெட் ஸ்டிங் ரே. பின்வாசல் என்றேனே, இதுதான்.

1963-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. டன்டோவ் 125 இலகு ரகப் பந்தயக் கார்வெட்டுகளைக் கட்ட ஏற்பாடு செய்தார். கிராண்ட் ஸ்போர்ட் என்று பெயர். மேலிடம் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னது. அதற்குள் 5 தயாராகியிருந்தன. அவை தனியார் கைக்குப் போயின. அந்த டிசம்பரில் பஹாமாஸின் நசாவில் டெக்சஸ்காரர் ஜான் மீகமின் குழு அவற்றை ஓட்டி, ஃபோர்டு எஞ்சினோடு கரோல் ஷெல்பி கட்டிய கோப்ரா கார்களை ஓரங்கட்டியது. அதே வாரம் பல செவர்லே பொறியாளர்கள் விடுமுறையைக் கழிக்க நசாவுக்குத்தான் போயிருந்தார்கள்.

ஃபோர்டு கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது. 1962-ல் கம்பெனித் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, அந்தத் தீர்மானம் இனி எங்களைக் கட்டாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இளம் வாங்குபவர்களின் காலம் வருகிறது, அவர்களுக்கு வேகம் வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு அதன் பின்னால் இருந்தது. ஆனால் ஐரோப்பிய நீண்டதூரப் பந்தயம் பற்றிக் கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவரை விலைக்கு வாங்கினால் என்ன என்று ஃபெராரியிடம் பேசினார்கள். 1963 மே மாதம் பேச்சு முறிந்தது. கார் தொழிற்சாலையை விற்க என்ஸோ ஃபெராரி தயார். பந்தயக் குழுவின் பணத்தையும் முடிவையும் இன்னொருவர் கையில் கொடுக்கத் தயாரில்லை. இந்தக் கதையை அவமானத்துக்குப் பழி வாங்கியதாக மட்டும் சொல்வது வழக்கம். பழி உணர்ச்சி இருந்தது உண்மைதான். ஆனால் வாங்க முடியாததைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமைதான் ஃபோர்டை மாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் கரோல் ஷெல்பி வேறொரு வழியில் முன்னே போய்க்கொண்டிருந்தார். 1959-ல் ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான்ஸை வென்ற ஓட்டுநர். இதயக் கோளாறால் ஓட்டுவதை விட்டார். பிரிட்டனின் ஏசி காரில் ஃபோர்டு வி8 எஞ்சினைப் பூட்டி 1962-ல் கோப்ராவை உருவாக்கினார். திறந்த கார் என்பதால் நேர்த்தடத்தில் காற்று பிடித்து இழுத்தது. ஃபெராரி ஜிடிஓ-வைப் பிடிக்க முடியவில்லை. பீட்டர் பிராக் என்ற இளைஞர் கூரையும் வெட்டிய வால்பகுதியுமாக ஒரு வடிவம் வரைந்தார். அதுதான் டேடோனா கூப்பே. மொத்தம் 6 கார்கள்தான். முதல் காரைத் தவிர மற்ற ஐந்துக்கும் உடம்பு அடித்தது இத்தாலியின் மொடெனாவில், ஃபெராரியின் வீட்டு வாசலிலேயே. 1964 லெ மான்ஸில் டான் கர்னியும் பாப் பாண்டுரன்ட்டும் ஜிடி பிரிவை, அதாவது சாலைக் கார் ரகத்தை ஒட்டிய கார்களின் பிரிவை, வென்றார்கள். 1965 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, பிரான்ஸின் ரைம்ஸில் உலக ஜிடி உற்பத்தியாளர் பட்டம் உறுதியானது. அமெரிக்கக் கார் ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. ஃபோர்டு கட்டிய ஜிடி40 அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, ஃபெராரியை வாங்க முடியாமல் ஃபோர்டு கட்டிய அந்த ஜிடி40-க்கு வருவோம். தரையிலிருந்து கூரை வரை 40 அங்குலம், அதனால் அந்தப் பெயர். முதல் கார்கள் இங்கிலாந்தின் ஸ்லவ்வில், பந்தயக் கார் கட்டும் லோலா நிறுவனத்தின் எரிக் பிராட்லி, ஜான் வயர் ஆகியோரின் உதவியோடு பிறந்தன. 1964 லெ மான்ஸில் மூன்று இறங்கின, மூன்றும் நின்றன. 1965-ல் பொறுப்பு ஷெல்பியிடம் போனது. 7 லிட்டர் எஞ்சின் பூட்டிய அடுத்த வடிவமான மார்க் 2 கார்கள் இரண்டும் ஜிடி40-கள் நாலும் வந்தன. ஆறும் முடிக்கவில்லை. அந்த வருஷம் வென்றது அமெரிக்காவைச் சேர்ந்த லூயிஜி கினெட்டியின் தனியார் குழு ஓட்டிய ஃபெராரி.

1966-க்கு ஃபோர்டு என்ன செய்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி. மிச்சிகனின் டியர்பார்னில் ஒரு சோதனை அறை. மேடையில் எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும். லெ மான்ஸில் ஒரு சுற்றில் எங்கே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள், எந்த இடத்தில் எந்தக் கியர் என்பதையெல்லாம் பதிந்து வைத்திருந்தார்கள். ஒரு தானியங்கி அமைப்பு அந்தப் பதிவின்படியே எஞ்சினை ஓட்டியது, கியர் மாற்றியது, பிட்டில் நிற்கும் நேரத்துக்கு நிறுத்தவும் செய்தது. ஓட்டுநர் இல்லை, தடம் இல்லை, சக்கரம்கூட இல்லை. மிச்சிகனில் ஓர் அறைக்குள் லெ மான்ஸ் பந்தயம் இரவும் பகலும் நடந்தது. எது உடைகிறதோ அதை மாற்றிக் கட்டி மறுபடி ஓட்டினார்கள்.

பிரேக் இன்னும் பெரிய தலைவலி. 7 லிட்டர் கார் கனமானது. முல்சானின் முடிவில் மணிக்கு 330 கிலோமீட்டரிலிருந்து அதைக் கிட்டத்தட்ட நிறுத்தும் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில விநாடிகளில் முன் டிஸ்க் 800 டிகிரி செல்சியஸ் வரை போய்விடும். நேர்த்தடத்தில் ஓடும்போது காற்றுப் பட்டு ஆறிப்போன இரும்பு, ஒரே மிதியில் பழுக்கக் காய்ந்தால் விரிசல் விடும். தோசைக்கல்லைப் பழுக்கக் காய்ச்சிவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தால் என்ன ஆகும், அதுதான். 24 மணி நேரம் தாங்கும் டிஸ்க்கைச் செய்ய முடியவில்லை. அப்போது ஷெல்பியின் கைவினைஞர் ஃபில் ரெமிங்டன் வேறு மாதிரி யோசித்தார்: தாங்காவிட்டால் போகட்டும், நடுவில் சீக்கிரம் மாற்றும்படி செய்துவிடலாம். பிட்டில் நிற்கும் சில நிமிஷத்துக்குள் டிஸ்க்கையே கழற்றிப் புதிது மாட்டும் அமைப்பைச் செய்தார். 1953-ல் கன்னிங்ஹாமைத் தோற்கடித்த அந்தத் திருப்பத்தில் அமெரிக்கர்களுக்கு வழி கிடைத்தது.

1966-ல் அமெரிக்காவின் நீண்டதூரப் பந்தயங்களான டேடோனா, செப்ரிங் இரண்டையும் கென் மைல்ஸும் லாய்ட் ரூபியும் வென்றார்கள். லெ மான்ஸில் எட்டு மார்க் 2 கார்கள் இறங்கின, மூன்றுதான் முடித்தன. முதல் மூன்று இடமும் அவையே. விளம்பரப் புகைப்படத்துக்காக முன்னிரு கார்களையும் சேர்ந்தே கோட்டைத் தாண்டச் சொன்னார்கள். சமநிலை கிடையாது, தொடக்கத்தில் யார் பின்னால் நின்றாரோ அவர் அதிக தூரம் ஓடியவர் என்றது விதி. புரூஸ் மெக்லாரன்–கிறிஸ் ஆமன் கார் சுமார் 20 மீட்டர் பின்னால் நின்று புறப்பட்டது. அதனால் வெற்றி அவர்களுக்கு. ஒரே வருஷத்தில் மூன்று பந்தயத்தையும் வென்றிருக்க வேண்டிய மைல்ஸுக்கு இரண்டாமிடம். இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், ரிவர்சைடில் புதிய காரைச் சோதிக்கும்போது அவர் இறந்தார். அந்தக் காரை வளர்த்தெடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். விளம்பரப் புகைப்படத்துக்காக அவருடைய வெற்றியைக் கொடுத்துவிட்டது கம்பெனி. இதை எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறுவதில்லை.

அவர் இறந்த காரிலிருந்துதான் மார்க் 4 வந்தது. உள்ளே பலமான எஃகுக் கூண்டு சேர்த்தார்கள். 1967 லெ மான்ஸில் மரியோ ஆன்ட்ரெட்டி இரவில் அதை மோதி நொறுக்கியபோதும் உயிர் பிழைத்தார். நெடிய உயரம் கொண்ட டான் கர்னியின் ஹெல்மெட் இடிக்காமலிருக்கக் கூரையில் ஒரு புடைப்பு வைத்த காரில் அவரும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் 5,232 கிலோமீட்டர் ஓடி வென்றார்கள். முந்தைய வருஷத்தைவிடச் சுமார் 390 கிலோமீட்டர் அதிகம். காரும் குழுவும் ஓட்டுநர்களும் அமெரிக்கர்களாக அமைந்த வெற்றி. மேடையில் கர்னி ஷாம்பெயினைக் குலுக்கி எல்லோர் மீதும் பீய்ச்சினார்; இன்று எல்லாப் பந்தய மேடையிலும் நடக்கும் அந்த வழக்கம் அங்கே பிடித்துக்கொண்டதுதான்.

ஃபோர்டு அதோடு கிளம்பிவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து புரோட்டோடைப், அதாவது பந்தயத்துக்கென்றே கட்டும் கார்களின் எஞ்சின் 3 லிட்டருக்கு மேல் கூடாது என்று புது விதி வந்தது காரணங்களில் ஒன்று. 1968, 1969 இரண்டு வருஷமும் பழைய ஜிடி40 லெ மான்ஸை வென்றது, அதுவும் ஒரே சேஸிஸ், எண் 1075. ஓட விட்டது ஜான் வயரின் தனியார் குழு.

அதே விதி இன்னொருவரையும் முடித்தது. டெக்சஸின் மிட்லண்டில் ஜிம் ஹாலும் ஹாப் ஷார்ப்பும் கட்டிய சாப்பரலுக்கு செவர்லேயின் ஆராய்ச்சிப் பிரிவு ரகசியமாகத் துணை நின்றது. அதில் கிளட்ச் கிடையாது, அதற்குப் பதில் ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பது போன்ற டார்க் கன்வர்ட்டர். சும்மா கிடந்த இடது காலுக்கு ஹால் வேலை கொடுத்தார்: 2எஃப் காரில் இடது கால் மிதிதான் பின்னால் உயரத் தூக்கி நிறுத்திய இறக்கையைச் சாய்த்தது. 1966-ல் நூர்பர்க்ரிங், 1967-ல் பிராண்ட்ஸ் ஹாட்ச் என ஐரோப்பாவில் இரண்டு பெரிய வெற்றி. மற்ற இடங்களில் பெரும்பாலும் கியர்பாக்ஸ் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் வெளிப்படையாக, முழு மனதோடு இதற்கு இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த முப்பது வருஷத்தில் சொல்ல அதிகமில்லை. 1976-ல் லெ மான்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் பந்தயமான நாஸ்காரின் கார்கள் இரண்டை அழைத்தது. டாட்ஜ் இரண்டு சுற்றில் எஞ்சின் போய் நின்றது, ஃபோர்டு இரவு வரை ஓடியது. ரசிகர்கள் 1950-ஐ மறக்காமல் ‘இரண்டு ராட்சசர்கள்’ என்றார்கள். 1990-களின் முடிவில் 8 லிட்டர் வி10 எஞ்சினோடு டாட்ஜ் வைப்பர், பிரெஞ்சுக் குழுவான ஓரேகாவின் கையில் 1998 முதல் 2000 வரை லெ மான்ஸில் தன் பிரிவை மூன்று முறை வென்றது. 2000-ல் டேடோனா 24 மணி நேரத்தை மொத்தமாகவே வென்றது. உடனே கம்பெனி நிறுத்திக்கொண்டது. அதே 2000-ல் லெ மான்ஸுக்குப் போன கேடிலாக், அவுடியின் எதிரில் ஒன்றும் செய்ய முடியாமல் மூன்றே வருஷத்தில் கடையைக் கட்டியது.

நின்று காட்டியது கார்வெட்தான். 1999-ல் பிராட் அண்ட் மில்லர் என்ற பட்டறையோடு சேர்ந்து சி5 ஆர் காரை இறக்கினார்கள். 2000-ல் முதல்முறை லெ மான்ஸுக்குப் போனபோது பிரிவு வெற்றி இல்லை. விட்டுவிட்டுப் போகவில்லை, இருந்தார்கள். 2001 முதல் 2023 வரை ஒன்பது பிரிவு வெற்றிகள். ஃபோர்டு 2016-ல், 1966 வெற்றியின் ஐம்பதாவது ஆண்டில், வந்து பிரிவை வென்று 2019-ல் கிளம்பியது. கார்வெட் அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. டன்டோவ் கேட்டது இதைத்தான்.

இப்போது மறுபடி கூட்டம் கூடியிருப்பதற்குக் காரணம் விதி. முன்பெல்லாம் டேடோனாவுக்கு ஒரு கார், லெ மான்ஸுக்கு வேறொரு கார் கட்ட வேண்டும். 2023 முதல் ஒரே கார் இரண்டு இடத்திலும் ஓடலாம். இந்த வழியில் கார் கட்டுகிறவர்களுக்கு ஹைப்ரிட் அமைப்பு பொது, சேஸிஸை அனுமதி பெற்ற நாலு நிறுவனங்களில் ஒன்றிடம் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி செய்ய வேண்டியது எஞ்சினும் மேல்கூடும். இயக்குநர் குழு பயப்படாத அளவுக்குச் செலவு இறங்கியது. இத்தாலியின் டல்லாரா சேஸிஸில் 5.5 லிட்டர் வி8-ஐ வைத்து வந்த கேடிலாக் 2023 லெ மான்ஸில் மூன்றாமிடம் பெற்றது. 2027-ல் வருவதாக ஃபோர்டு அறிவித்திருக்கிறது.

2025 ஜூனில், பிரிட்டனின் ஜோட்டா குழு ஓட்டிய இரண்டு கேடிலாக்குகள் லெ மான்ஸின் முன்வரிசையை முழுசாகப் பிடித்தன. 1967-க்குப் பிறகு ஓர் அமெரிக்கக் கார் அங்கே முதலிடத்திலிருந்து புறப்பட்டது அன்றுதான். இறுதி முடிவில் அவற்றில் முன்னே இருந்தது நாலாவது இடம் பெற்றது. வென்றது, கம்பெனியின் சிவப்பு கார்களையும் தாண்டி வந்த, தனியார் பதிவில் ஓடிய ஒரு மஞ்சள் ஃபெராரி.